கட்சிக்குள் ஓட்டுப் போட்டால் கட்சி உடையுமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஐந்து ஆண்டுகளாகக் கட்சியில் இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கிளைக்குத் தேர்தல். செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் மனு கொடுக்கப்போகிறார்களாம். எனக்கு இது பிடிக்கவில்லை. வெளியே எதிரிகளோடு மோத வேண்டிய நேரத்தில் உள்ளுக்குள் ஓட்டுக் கேட்டுத் திரிந்தால் கோஷ்டிதான் வளரும். யாருக்கு என்ன தகுதி என்று தலைமைக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பெயரை ஏகமனதாக ஏற்பதுதானே கட்டுப்பாடு? போட்டி என்று வந்துவிட்டால் மாவட்டச் செயலாளர் கைகாட்டுகிறவருக்குப் போடுவேன், இல்லாவிட்டால் ஒதுங்கிவிடுவேன். நான் நினைப்பது சரிதானே? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: சரியில்லை, தம்பி. கட்சி உடைந்துவிடக் கூடாதே என்ற உங்கள் கவலை உண்மையானது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் அந்தக் கவலையிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு, கட்சியில் உங்களுக்கென்று இருக்கும் ஒரே அதிகாரத்தை நீங்களே தூக்கிக் கொடுப்பதில் முடிகிறது.

1940-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் ராஜாஜியின் ஆதரவோடு சி.பி. சுப்பையா, மறுபக்கம் சத்தியமூர்த்தி நிறுத்திய காமராஜர். அப்போது காங்கிரஸுக்கு வெளியே நின்ற எதிரி பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். அதைவிடப் பெரிய எதிரி உங்கள் கட்சிக்கு இன்று இருக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்திலும் அவர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள். காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. காமராஜரை விரும்பியவர்களில் நாலே நாலு பேர், உங்களைப் போல, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்கியிருந்தால் 99 ஆகியிருக்கும். அவர் தோற்றிருப்பார். 1954-ல் அவர் முதலமைச்சர் நாற்காலிக்கு வந்து சேர்ந்த பாதையில் அந்த மூன்று ஓட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். காமராஜருக்கு அரசியலில் வழிகாட்டியாக இருந்த சத்தியமூர்த்தி, அவருக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார். கட்டுப்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணி முடித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வேலையே வருகிறது.

‘1939-ல் திரிபுரி காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி என்ன நடந்தது?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆண்டு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 ஓட்டும் காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமய்யா 1,377 ஓட்டும் வாங்கினார்கள். பட்டாபியின் தோல்வி என்னுடைய தோல்வி என்று காந்தி சொன்னார். சில மாதங்களிலேயே போஸ் ராஜினாமா செய்து தனி வழி போனார். அந்தப் பிளவு ஓட்டுப் போட்டதால் வந்ததில்லை. ஐரோப்பாவில் வரவிருந்த போரைப் பயன்படுத்தி ஆங்கிலேயரை நெருக்குவதா, பொறுப்பதா என்ற கருத்து வேறுபாடு தேர்தலுக்கு முன்பே இருந்தது. தேர்தல் அதை எண்ணிக்கையில் காட்டியது, அவ்வளவுதான். எண்ணிக்கை வந்த பிறகும் வென்றவரைச் செயல்பட விடாததுதான் உடைத்தது. வேறுபாட்டை எண்ணாமல் மூடி வைத்திருந்தால் அது இல்லாமல் போயிருக்குமா, சொல்லுங்கள்.

தலைமைக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்கள். உங்கள் கிளையில் யார் விடியற்காலையில் சுவரொட்டி ஒட்டினார், யார் உறுப்பினர் படிவத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தார் என்பது தலைமைக்கு எப்படித் தெரியும்? மாவட்டம் சொல்வதுதான் தெரியும். மாவட்டத்துக்கு ஒன்றியம் சொல்வது தெரியும். நேரில் பார்த்தவர் நீங்கள். பார்த்தவர் வாயை மூடிக்கொண்டு, பார்க்காதவர் முடிவெடுக்கட்டும் என்பது பணிவு ஆகாது.

மாவட்டச் செயலாளர் கைகாட்டுகிறவருக்குப் போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான். நம் கட்சிகள் பலவற்றில் தேர்தல் படிப்படியாக மேலே போகும். கிளை உறுப்பினர்கள் கிளை நிர்வாகிகளையும் மேல்கமிட்டிப் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் ஒன்றியத்தை, ஒன்றியம் மாவட்டத்தை. அதாவது, இன்று உங்கள் கிளையில் ஜெயிப்பவர்கள் மாவட்டச் செயலாளரின் தேர்தல் வரும்போது அவருக்கு ஓட்டுப் போடப் போகிறவர்களோடு சேர்ந்தவர்கள். அவர் கைகாட்டுகிறார் என்றால், தனக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களைத் தானே பொறுக்கி எடுக்கிறார் என்று பொருள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். தன் வாக்காளர்களைத் தானே நியமித்துக்கொள்ளும் ஒருவரை நாளை யார் கேள்வி கேட்பது? நான் பார்த்த வரையில் கட்சிகள் கீழேயிருந்து காய்ந்து போவது இந்த இடத்தில்தான். மேலே மாநாடும் கொடியும் இருக்கும், கிளையில் கூட்டம் கூட்ட ஆள் இருக்காது.

சட்டம் வந்து காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு செய்யும் கட்சி ஜனநாயகக் கொள்கைக்குக் கட்டுப்படுவதாகத் தன் விதியிலேயே எழுதித் தர வேண்டும். எழுதியபடி நடக்காத கட்சியின் பதிவை ரத்து செய்ய, மோசடி போன்ற சில காரணங்கள் தவிர, தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்துக்கு அந்தச் சட்டத்திலேயே தனிப் பகுதி வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-லேயே பரிந்துரைத்தது. ஜெர்மனியில் அரசியல் சட்டமே கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறையில் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே அந்தக் காவல் வேலை உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற உங்கள் தலையில்தான் விழுகிறது.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதியும் உண்டு. போலி உறுப்பினர் பட்டியல், பணம், சாதிக் கணக்கு, எண்ணும் இடத்தில் கைகலப்பு, இதெல்லாம் நடக்கிறது. ஆனால் இவை மோசமாக நடத்தப்பட்ட தேர்தலைப் பற்றிய புகார்கள். நன்றாக நடத்தச் சொல்லிக் கேட்பதுதான் வழி. 2022 காங்கிரஸ் தலைவர் தேர்தலில், விருப்பமான பெயருக்கு எதிரே ‘1’ என்று எழுத வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். அது குழப்பும் என்று சசி தரூர் தரப்பு ஆட்சேபித்தது. டிக் குறி என்று மாற்றினார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று யாரும் கண்டுபிடித்துப் பழிவாங்க முடியாதபடி, எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணினார்கள். கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072. தோற்ற தரூர் அடுத்த ஆண்டு காரியக் கமிட்டியில் இடம் பெற்றார். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டில், தலைமை முன்வைத்த மத்தியக் குழுப் பட்டியலுக்கு எதிராக மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் டி.எல். கராட் போட்டியிட்டு 31 ஓட்டு வாங்கித் தோற்றார். கட்டுப்பாட்டுக்குப் பேர்போன கட்சி அது. உடையவில்லை.

ஆகவே அடுத்த மாதத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கிளையின் உறுப்பினர் பட்டியலை ஒரு வாரம் முன்பே பார்க்கக் கேளுங்கள். கைதூக்கச் சொன்னால், சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் முறை வேண்டும் என்று எழுந்து சொல்லுங்கள். மனு கொடுக்கும் இருவரிடமும் போய், கடந்த ஆண்டு எத்தனை கிளைக் கூட்டம் நடந்தது, வரவு செலவு எங்கே என்று கேளுங்கள். யார் நேராகப் பதில் சொல்கிறாரோ அவருக்குப் போடுங்கள். அவர் தோற்றால், மறுநாள் காலையில் ஜெயித்தவரிடம் போய் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம், இருவர் சொல்வதும் உங்களுக்குத் திருப்தியில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் உழைத்தவர் நீங்கள். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.