செராஃபினின் ஆப்பிள்கள்

அன்புள்ள ஐயா,

நவீன ஓவியம் பற்றிய உங்கள் கட்டுரையில் செராஃபின் லூயி என்ற பிரெஞ்சு ஓவியரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் தேடிப் படித்தேன். அவரைக் ‘கண்டுபிடித்த’ சேகரிப்பாளர் வில்ஹெல்ம் ஊடேயை எல்லோரும் காப்பாற்றியவர் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் மனநல மருத்துவமனையில் கிடந்து இறந்தபோது அவர் எங்கே இருந்தார்? இதைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. அன்று ஒரே வரியில் விட்டது என் தவறு.

1912. பாரிசுக்கு வடக்கே சான்லிஸ் என்ற சிற்றூரில் ஊடே தங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்து வீடொன்றில் ஆப்பிள்கள் வரைந்த ஒரு சிறிய படத்தைப் பார்த்து, யார் வரைந்தது என்று கேட்கிறார். உங்கள் வீட்டைப் பெருக்க வரும் செராஃபின்தான் என்கிறார்கள். ஐம்பதை நெருங்கிய பெண். சிறுவயதில் ஆடு மேய்த்தவர், எந்த ஓவியப் பள்ளிக்கும் போகாதவர். தேவதை சொல்லித்தான் வரைகிறேன் என்பார். பிக்காசோ, பிராக் என்ற ஓவியர்களின் படங்களை ஆரம்பத்திலேயே வாங்கியவர் ஊடே. அவருடைய அந்தக் கண்தான் இந்த ஆப்பிள்களையும் விடவில்லை.

1914இல் போர் வந்தது. ஊடே ஜெர்மானியர், பிரான்ஸை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அவருடைய சேகரிப்பை எதிரிச் சொத்தென்று எடுத்துக்கொண்ட அரசு 1921இல் ஏலம் போட்டது. பிரான்ஸுக்குத் திரும்பியிருந்த ஊடே 1927இல் சான்லிஸ் நகர மண்டபத்தில் நடந்த கண்காட்சியில் செராஃபினின் படங்களை மறுபடி பார்க்கிறார். அந்தப் பதின்மூன்று வருடமும் செராஃபின் வரைந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்! அப்புறம் இரண்டு மீட்டர் உயர ஓவியத் துணிகள் வந்தன. பாரிசின் நவீன ஓவிய அருங்காட்சியகமான பொம்பிடூ மையத்தின் சேகரிப்பில் உள்ள ‘சொர்க்கத்தின் மரம்’ படத்தைக் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். இலைகள் மயிலிறகு போல விளிம்பெல்லாம் சிலிர்த்து, நடுவில் கண்களோடு நிற்கும். பார்க்கிறவனை அவை திரும்பிப் பார்ப்பதுபோல எனக்குப் படும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலகப் பொருளாதார நெருக்கடியில் ஊடே வாங்குவதை நிறுத்தினார். 1932இல் செராஃபினை கிளெர்மோன் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன்பின் அவர் வரையவில்லை. அவர் 1934இலேயே இறந்துவிட்டதாக ஊடே எழுதினார். உண்மையில் 1942 வரை அவர் அங்கேதான் உயிரோடு இருந்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலப் பட்டினியில் இறந்து பொதுக்குழியில் புதைக்கப்பட்டார். அந்த வருடங்களில் ஊடேயும் நாஜிகளுக்குப் பயந்து தலைமறைவாக இருந்தார். ஆனால் எட்டு வருடத்தில் ஒரு முறையாவது விசாரித்திருக்கலாம். அதை என்னாலும் மன்னிக்க முடியவில்லை.

அதற்காக அவர் காத்ததை இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலைக்காரியின் படம் என்று எல்லோரும் சுவரில் மாட்டிவிட்டு மறந்திருந்ததை, ஓவியம் என்று எடுத்துவைத்தவர் அவர். 1947இல் அவர் இறந்தபின் தங்கை ஆன்-மரி படங்களைப் பொத்திவைத்தார். அவர் கொடுத்த படங்கள் இன்று சான்லிஸ் அருங்காட்சியகத்தில், பேராலயத்துக்குப் பக்கத்திலேயே, செராஃபின் வீடு பெருக்கிய அதே ஊரில் தொங்குகின்றன.