ஓபனிங் முடிஞ்சா தான் வேலையே ஆரம்பம்

போன இதழ்ல, நான் ஒரே ரெபர்டரி கம்பெனில ரொம்ப வருஷம் டைரக்டரா இருந்தேன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விங்க தான் இந்த தடவை பாதிக்கு மேல. அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே பாத்துடலாம்.

கேள்வி: சார், ரெபர்டரின்னா என்ன? சாதாரண நாடகக் குழுவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அங்க டைரக்டர் வேலை பர்மனென்டா?

மத்த இடத்துல ஒரு நாடகத்துக்குன்னு ஆள் சேர்ப்பாங்க, நாடகம் முடிஞ்சதும் அவங்கவங்க வழியப் பாத்துப் போயிடுவாங்க. ரெபர்டரில ஆளுங்க அப்படியே இருப்பாங்க, நாடகம் தான் மாறும். பத்துப் பதினஞ்சு பேர் சம்பளத்துல இருப்பாங்க, கைவசம் நாலஞ்சு நாடகம் எப்பவும் ரெடியா இருக்கும், இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடுவாங்க, பகல்ல அடுத்த புது நாடகத்துக்கு ரிகர்சல் ஓடிக்கிட்டு இருக்கும். காலைல ராஜாவா ரிகர்சல் பண்ணவர் ராத்திரி இன்னொரு நாடகத்துல ரெண்டு டயலாக் சொல்லிட்டு கதவைச் சாத்திட்டுப் போற வேலைக்காரன்.

இதை வெளிநாட்டு சரக்குன்னு நினைச்சுடாதீங்க. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரைல ஆரம்பிச்ச தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்னவாம்? பசங்க கம்பெனிலயே தங்கி, அங்கயே சாப்பிட்டு, பல நாடகத்தை மனப்பாடமா வச்சுக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. டைரக்டர்னு பேரு தான் இல்ல, வாத்தியார்னு சொன்னாங்க. அந்தக் கம்பெனில இருந்த சின்னப் பையன் டி.கே. சண்முகத்துக்காக சுவாமிகள் அபிமன்யு சுந்தரிய ஒரே ராத்திரில எழுதினார்னு எல்லாரும் வாயைப் பொளப்பாங்க, எனக்கு அந்த வேகம் பெருசா தெரியல. எந்தப் பையன் எந்த சுருதில பாடுவான், யாருக்கு எவ்வளவு வசனம் நிக்கும்னு தினமும் கூடவே இருந்து தெரிஞ்சு வச்சிருந்த ஆளு, அதான் விஷயம். முன்னபின்ன பாக்காத நடிகருக்கு அப்படி எழுத வராது.

பின்னாடி வந்ததுல டெல்லி தேசிய நாடகப் பள்ளியோட ரெபர்டரி 1964, ந. முத்துசாமியோட கூத்துப்பட்டறை 1977, கர்நாடகால ஹெக்கோடு கிராமத்துல நீனாசம் நாடக அமைப்போட டூர் கம்பெனி திருகாட்ட 1985, மைசூர்ல பி.வி. காரந்த் தலைமைல ரங்காயணா 1989. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, ஆனா ஆளுங்களை ஒண்ணா வச்சிருந்து நாடகம் பண்ணணும்ங்கிற எண்ணம் எல்லாத்துக்கும் பொது.

பர்மனென்டான்னு கேட்டீங்க. பெரும்பாலும் சீசன் கணக்குல கான்ட்ராக்ட் தான், புதுப்பிச்சுக்கிட்டே போவாங்க.

கேள்வி: ஓபனிங் முடிஞ்சதும் டைரக்டருக்கு என்ன சார் வேலை? சினிமால ரிலீஸோட முடிஞ்சுது இல்லையா?

ரிலீஸ் ஆன படம் நூறாவது நாளும் அதே படம் தான். நாடகம் பதினஞ்சாவது ஷோலயே வேற நாடகமா மாறி இருக்கும், யாருக்கும் தெரியாது, நடிக்கிறவங்களுக்கே தெரியாது.

எனக்கு ஒவ்வொரு ஷோவுக்கும் ஸ்டேஜ் மேனேஜர்கிட்ட இருந்து ஒரு ஷோ ரிப்போர்ட் வரும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுது, எந்த லைட் க்யூ (லைட்டை மாத்தச் சொல்ற சிக்னல்) லேட்டு, யாரு டயலாக் விட்டாங்க. நான் முதல்ல பாக்குறது நேரத்தைத் தான். ஒரு நாடகம் ஓபனிங்ல 2 மணி 10 நிமிஷம் ஓடுச்சு, முப்பதாவது ஷோ வரும்போது 2 மணி 19 நிமிஷம். ஒரு வரி கூட யாரும் சேர்க்கல. அப்ப அந்த ஒன்பது நிமிஷம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, நேத்து சிரிச்ச எடத்துல இன்னைக்கும் சிரிப்பாங்கன்னு ஒருத்தர் காத்திருப்பாரு, அழுற சீன்ல மூச்சை ஒருத்தங்க இன்னும் கொஞ்சம் நீட்டுவாங்க, ஆளுக்கு மொத்தமா நாப்பது செகண்ட்னா பதினாலு பேருக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க.

அந்த நாடகத்துல மூணாவது சீன்ல ஒரு அப்பா கைல தண்ணி டம்ளரோட நிப்பாரு, பையன் செத்துட்டான்னு பொண்டாட்டி வந்து சொல்வாங்க, அவர் டம்ளரை மேஜைல வச்சுட்டு உக்காருவாரு, அவ்வளவு தான் சீன். ரிகர்சல்ல ஒருநாள் அவர் மேஜையப் பாக்காமலே டம்ளரை வச்சாரு, அது ஓரத்துல பட்டு டொக்குன்னு ஒரு சத்தம், ரூம்ல இருந்த எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, சரி இதையே வச்சுக்கலாம்னு வச்சோம். முதல் பத்து ஷோல அந்த சத்தத்துக்கு மொத்த ஆடியன்ஸும் அடங்கிடும். அது அவருக்குத் தெரிஞ்சு போச்சு, பிடிச்சும் போச்சு. இருபதாவது ஷோல பாக்குறேன், மனுஷன் மேஜையப் பாக்குறாரு, இடம் பாக்குறாரு, டொக்குன்னு அழகா வைக்கிறாரு, வச்சுட்டு வேற ஒரு நிமிஷம் நிக்கிறாரு. பையன் செத்த அப்பா எங்கயோ போயிட்டாரு, டம்ளர் வைக்கிற நிபுணர் தான் நிக்கிறாரு.

இதுக்கு என்ன நோட்ஸ் குடுக்குறது, அதாவது நடிகர்கிட்ட என்ன திருத்தம் சொல்றது? பழைய மாதிரி பண்ணுங்கன்னு சொல்ல முடியாது, பழைய மாதிரி பண்ணும்போது அவருக்கு அது தெரியவே தெரியாது. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் ப்ராப்ஸ் பாத்துக்கிற பையன்கிட்ட, இன்னைல இருந்து டம்ளர்ல பாதி இல்ல, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துன்னு சொன்னேன். அன்னைக்கு அவர் கவனம் பூரா தண்ணி சிந்தக்கூடாதுங்கிறதுல போச்சு, பொண்டாட்டி சொன்னதைக் கேட்டதும் கை நடுங்கி தண்ணி கொஞ்சம் வேட்டில கொட்டுச்சு, சத்தமே வரல, சீன் திரும்ப வந்துடுச்சு. ஷோ முடிஞ்சதும் மேக்கப் ரூம்ல என்னைக் கிழிச்சு எடுத்துட்டாரு, முன்னாடியே சொல்ல வேண்டியது தானேன்னு. அவர் கேட்டதும் நியாயம் தான். ஆனா அந்த டம்ளர் கடைசி ஷோ வரைக்கும் நிறைய தான் இருந்துச்சு.

இது போக ஆள் மாத்துற வேலை. ஒருத்தருக்குக் கால் உடையும், ஒருத்தங்களுக்குக் குழந்தை பிறக்கும், ஒருத்தருக்கு சீரியல் வாய்ப்பு வரும். நாலு நாள்ல புது ஆளை உள்ள கொண்டு வரணும். அப்ப ப்ராம்ப்ட் புக் தான் தெய்வம், யாரு எந்த வார்த்தைல எங்க நடக்கிறாங்க, லைட் எங்க மாறுதுன்னு எல்லாம் அதுல இருக்கும். ஜெர்மனில பெர்லினர் ஆன்சாம்பிள்ங்கிற கம்பெனில நாடகாசிரியர் ப்ரெக்ட் இதை வேற லெவலுக்குக் கொண்டு போனாரு, நாடகத்தை சீன் சீனா நூத்துக்கணக்குல ஃபோட்டோ எடுத்து, எதுக்கு அப்படி பண்ணோம்னு குறிப்பும் எழுதி, மாடல் புக்னு வச்சாங்க. கம்பெனி ஆரம்பிச்சது 1949, அவர் இறந்தது 1956, அதுக்கு அப்புறமும் அவர் மனைவி ஹெலன வைகல் 1971 வரைக்கும் கம்பெனிய நடத்தினாங்க. பேரு டைரக்டருக்கு, கட்டிக் காப்பாத்தினது அந்தம்மா, இது நிறைய கம்பெனில நடக்கிறது தான்.

கேள்வி: எப்பவும் அதே ஆளுங்கன்னா லீட் ரோலும் அதே ஆளுக்குத் தானா? சண்டை வராதா? (எங்க அமெச்சூர் குழு இதனாலயே உடைஞ்சுது சார்)

வரும். காஸ்டிங் லிஸ்ட் போர்டுல ஒட்டின அன்னைக்கு நான் கேன்டீன் பக்கமே போக மாட்டேன்.

ஜெர்மனில மைனிங்கன்னு ஒரு குட்டி சமஸ்தானம், அதோட பிரபு ரெண்டாம் கேயோர்க் சொந்தமா ஒரு கம்பெனி வச்சிருந்தாரு, 1874ல இருந்து 1890 வரைக்கும் ஐரோப்பா முழுக்க டூர் போனாங்க. அங்க ஒரு ரூல், இன்னைக்கு லீட் ரோல் இல்லாதவங்க எவ்வளவு பெரிய நடிகரா இருந்தாலும் கூட்டத்துல வந்து நிக்கணும். முடியாதுன்னா கம்பெனில இடமில்ல. கூட்டத்தைக் குட்டிக் குட்டி குழுவாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் அனுபவம் உள்ள நடிகர் ஒருத்தரைத் தலைவனா போட்டாங்க, அவங்க கூட்ட சீன் அவ்வளவு பேசப்பட்டதுக்குக் காரணமே அது தான். பாரீஸ்ல 1964ல ஆரியான் ம்னூஷ்கின் நண்பர்களோட ஆரம்பிச்ச தேயாத்ர் து சொலேய்ல இன்னும் ஒரு படி மேல, அங்க எல்லாருக்கும் ஒரே சம்பளம்.

எங்க கம்பெனில இவ்வளவு எல்லாம் இல்ல. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, லிஸ்ட் ஒட்டுறதுக்கு முன்னாடி ரோல் கிடைக்காதவங்களைத் தனியா கூப்பிட்டு நானே சொல்லிடுவேன். அழுவாங்க, திட்டுவாங்க, ஆனா போர்டுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா அது ஆறவே ஆறாது. உங்க குழுல யாராவது அப்படி கூப்பிட்டுச் சொன்னாங்களா?

கேள்வி: நல்ல டைரக்டர்னா கண்டிப்பா இருக்கணும், கத்தணும்னு சொல்றாங்களே?

மேல சொன்ன அதே மைனிங்கன் கம்பெனி 1890ல மாஸ்கோ வந்தப்ப ரஷ்ய டைரக்டர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி போய்ப் பாத்தாரு. அவங்க டைரக்டர் க்ரோனெக் மணி அடிச்சு ரிகர்சல் நடத்துற கெடுபிடில மயங்கி, கொஞ்ச காலம் அவரும் அதே மாதிரி கொடுங்கோலனா இருந்து பாத்தாரு, அது தப்புன்னு பின்னாடி அவரே எழுதி வச்சிருக்காரு. அவ்வளவு பெரிய ஆளே பட்டுத் தான் தெரிஞ்சுக்கிட்டாரு, நம்ம எல்லாம் எந்த மூலைக்கு.

ஒரு நாடகம் பண்ணிட்டுப் போற டைரக்டர் கத்தலாம், திரும்ப அந்த முகத்துல முழிக்க வேண்டியதில்ல. எனக்கு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அதே முகம், அடுத்த வருஷமும் அதே முகம். நான் ஒரு தடவை கத்தி இருக்கேன், ஒரு டெக் ரிகர்சல்ல (லைட், சவுண்டு சரி பாக்குற ரிகர்சல்) ராத்திரி ஒரு மணிக்கு, ஒரு லைட் அசிஸ்டென்ட் பொண்ணுகிட்ட. தப்பு என்னோடது, க்யூ நம்பரை மாத்திச் சொன்னது நான் தான். அடுத்த நாள் எல்லார் முன்னாடியும் சாரி சொன்னேன், அந்தப் பொண்ணு சரி சார்னு சொல்லுச்சு, ஆனா அதுக்கு அப்புறம் ஆறு மாசம் ஒரு டவுட் கூட என்கிட்ட வந்து கேக்கல.

கேள்வி: புது நாடகம் ஊத்திக்கிச்சுன்னா டைரக்டர் கதை முடிஞ்சுதா?

ரெபர்டரில அது ஒரு சௌகரியம், ஒண்ணு படுத்தா மத்த மூணு தாங்கும். ஆனா ஊத்திக்கிட்ட நாடகத்தை அடுத்த நாளே தூக்க முடியாது, டிக்கெட் வித்திருப்பாங்க, நாப்பது பேர் உக்காந்திருக்கிற ஹால்ல பன்னெண்டு ஷோ போட்டே ஆகணும். என் நாடகம் ஒண்ணு அப்படி ஓடுச்சு, பன்னெண்டுக்கும் போய் உக்காந்தேன்.

நாடகமா டைரக்ஷனான்னும் சட்டுன்னு சொல்லிட முடியாது. ரஷ்ய எழுத்தாளர் செகாவோட கடற்பறவை நாடகம் 1896ல பீட்டர்ஸ்பர்க்ல கேவலமா தோத்துச்சு, அதே நாடகம் 1898ல மாஸ்கோ ஆர்ட் தியேட்டர்ல ஜெயிச்சு, அந்தப் பறவையே கம்பெனியோட சின்னமா ஆயிடுச்சு.

கேள்வி: நான் இப்ப காலேஜ் முடிச்சேன் சார், ரெபர்டரில டைரக்டராகணும். எங்க ஆரம்பிக்கிறது?

ஸ்டேஜ் மேனேஜரா ஆரம்பிம்மா. நடிச்சுட்டு டைரக்டரான ஆளுங்க நிறைய, ஆனா ப்ராம்ப்ட் புக் கைல வச்சுக்கிட்டு நூறு ஷோவுக்கு க்யூ சொன்னவங்களுக்கு ஒரு நாடகம் எப்படி மெல்ல மெல்ல கழண்டு போகுதுன்னு தெரியும், எனக்குத் தெரிஞ்சதே அப்படித் தான். அப்புறம் அசிஸ்டென்ட் டைரக்டர், டூர் போகும்போது டைரக்டர் வர மாட்டாரு, அந்த நாடகத்தைப் பாத்துக்கிற பொறுப்பு உனக்கு வரும். அது தான் நிஜமான பரீட்சை, ஏன்னா வேற ஒருத்தரோட நாடகத்தை உன் கைவரிசை காட்டாம காப்பாத்தணும்.

வயசைப் பத்திக் கவலைப்படாத. நார்வே நாடகாசிரியர் இப்சன் 23 வயசுல, 1851ல, பெர்கன் தியேட்டருக்கு வேலைக்குப் போனாரு, வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதித் தரணும்னு வேற ஒப்பந்தம். மேடை வேலை தெரியலன்னு தெரிஞ்சு அடுத்த வருஷமே கம்பெனி அவரை கோபன்ஹேகன், ட்ரெஸ்டன் எல்லாம் அனுப்பி பாத்துக் கத்துக்கிட்டு வரச் சொல்லுச்சு. பின்னாடி பெரிய சினிமா டைரக்டரான ஸ்வீடன்காரர் இங்மார் பெர்க்மனுக்கு 1944ல ஹெல்சிங்போரி தியேட்டரோட தலைவர் பதவி கிடைச்சப்ப வயசு 26.

சம்பளம் எவ்வளவுன்னு தனியா கேட்டிருந்த. சேர்ந்ததும் முதல் சீசன்ல ரூம் வாடகையப் பகிர்ந்துக்க ஒரு ஆளைக் கூட சேர்த்துக்கோ.

கேள்வி: ஏன் சார் விட்டீங்க?

லெனின்கிராட்ல தவ்ஸ்தனோகவ்னு ஒரு டைரக்டர் 1956ல ஒரு தியேட்டரோட பொறுப்பை எடுத்து, 1989ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்தாரு. நான் அவர் இல்ல.

ஒருநாள் ஒரு ரிகர்சல்ல ஒரு சீனுக்கு எப்படி பண்ணலாம்னு நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் எழுந்து நான் சொல்லப் போற இடத்துக்கு நடந்து போய் நின்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அந்த சீசன் முடிஞ்சதும் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடல.