கேம் எஞ்சினில் குறும்படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தை வாசகி: மூன்று நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைத் தனியாகச் செய்யப்போகிறேன். என் மடிக்கணினியில் 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. கேம் செய்யும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் ஓடுமா?

ஓடும், ஆனால் திணறும். அன்ரியல் 5-க்கு எபிக் நிறுவனம் பரிந்துரைப்பது 32 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும். உங்களிடம் முதலில் தீர்ந்துபோவது கிராபிக்ஸ் மெமரி. புரொஜெக்ட் செட்டிங்ஸில் ஒளித்தெறிப்பைக் கணக்கிடும் லூமனையும் நிழல்களைக் கணக்கிடும் வேர்ச்சுவல் ஷேடோ மேப்பையும் அணைத்துவிடுங்கள். அசையாத விளக்குகளின் ஒளியை பேக் செய்துகொள்ளுங்கள் (முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்துவையுங்கள்). டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) 1024 பிக்ஸலுக்கு மேல் போகவேண்டாம். முகத்துக்கு மட்டும் 2048 வைக்கலாம். தட்டையான நிறங்களில், சித்திரக்கதைப் பாணியில் செய்வதென்றால் கொடோ 4 என்ற இலவச எஞ்சின் உங்கள் கணினிக்கு நன்றாகப் பொருந்தும். அதிலுள்ள மூவி மேக்கர் மோட் ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, முழுமையாக வரைந்து எழுதிய பிறகே அடுத்ததற்குப் போகும். அதனால் கணினி எவ்வளவு மெதுவாக இருந்தாலும் படம் வெட்டி வெட்டி வராது.

புதிய கணினி வாங்கும் எண்ணம் இருந்தால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை விசாரிக்கும்போது கிராபிக்ஸ் மெமரி எத்தனை ஜிபி என்பதை முதலில் கேளுங்கள். ரேமைப் பல மடிக்கணினிகளில் பின்னர் கூட்டலாம். கிராபிக்ஸ் மெமரியைக் கூட்ட முடியாது.

எந்த எஞ்சினை எடுத்தாலும், முழுப் படத்தையும் முதலில் சாம்பல் நிறப் பெட்டிகளால் அடுக்கி, கமராக்களை வைத்து, குரல் பதிவையும் போட்டுப் பாருங்கள். எடிட்டிங்கை முடித்துவிட்டுப் பாத்திரங்களைச் செதுக்கப் போகலாம் என்பதுதான் கேம் எஞ்சின் தரும் மிகப் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் முதல் நாளே கதாநாயகியின் கண் இமையில் உட்கார்ந்துவிடுபவர்களின் படங்கள் பெரும்பாலும் முடிவதில்லை.

தெஹிவளை வாசகர்: எடிட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. ரெண்டர் செய்தால் (இறுதிப் படமாக எழுதினால்) ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் பாட்டியின் சேலை துள்ளுகிறது, வெளிச்சமும் கூடிக் குறைகிறது. ஏன்?

எடிட்டரில் பார்க்கும்போது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. துணி படிந்துவிட்டது, ஒளியும் நிலைத்துவிட்டது. ரெண்டரில் முதல் ஃபிரேமிலேயே எல்லாம் தொடங்குகிறது. கைகளைச் சற்று விரித்து நிற்கும் ஏ-போஸிலிருந்து பாட்டி ஒரே நொடியில் கதிரையில் உட்கார்ந்த நிலைக்குத் தாவுகிறார். துணிக் கணக்கு அந்தத் தாவலை உண்மையான அசைவு என்று எடுத்துக்கொள்கிறது.

ஷொட்டின் தொடக்கத்துக்கு முன்னால் 48 ஃபிரேம் சேருங்கள். முதல் 24-இல் ஏ-போஸிலிருந்து தொடக்க நிலைக்கு மெதுவாக வரட்டும், அடுத்த 24-இல் அசையாமல் இருக்கட்டும். அன்ரியலின் காலவரிசைப் பலகையான சீக்குவென்சரில், எந்தக் கமரா எப்போது என்று காட்டும் கமரா கட்ஸ் துண்டின் இடது விளிம்பையும் அதே அளவு பின்னுக்கு இழுங்கள். ரெண்டர் செய்யும் கருவியான மூவி ரெண்டர் கியூவில் அன்டி அலையாஸிங் பகுதிக்குள் 'யூஸ் கமரா கட் ஃபோர் வோர்ம் அப்' என்பதை டிக் செய்யுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் பின்னுக்கு இழுத்த ஃபிரேம்களுக்கு ஒரு பயனும் இல்லை. லூமன் பயன்படுத்துகிறீர்களென்றால் எழுதத் தொடங்குமுன் ஓட்டும் ஃபிரேம்களின் எண்ணிக்கையான 'ரெண்டர் வோர்ம் அப் கவுண்ட்' 32 போதும்.

வெளிச்சம் கூடிக் குறைவதற்குப் பெரும்பாலும் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் ஓட்டோ எக்ஸ்போஷர்தான் காரணம். போஸ்ட் புரொசஸ் வொலியூமில் மீட்டரிங் மோடை மேனுவலுக்கு மாற்றி, அது முழுக் காட்சிக்கும் பொருந்த 'இன்ஃபினிட் எக்ஸ்டென்ட்' டிக்கையும் போடுங்கள்.

அப்படியும் சேலைக் கொசுவம் ஒவ்வொரு ரெண்டரிலும் வேறுவேறாக விழுந்தால், எஞ்சினுக்குள் துணி சிமுலேஷன் செய்வதை விடுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சிமுலேட் செய்து, அசைவை ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்துவைக்கும் அலெம்பிக் கோப்பாகக் கொண்டுவந்தால் எத்தனை தடவை ரெண்டர் செய்தாலும் மடிப்பு மாறாது. கோப்பு பெரிதாகும், சேலைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிளெண்டரில் விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் செய்தால் சீக்குவென்சரையும் 24-க்கு மாற்ற மறக்கவேண்டாம். அது 30-இல்தான் திறக்கும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: புறக்கோட்டைத் தெருவைச் செய்திருக்கிறேன். தூரத்து ஷொட்டில் சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகள் மினுங்குகின்றன. மத்தியான வெயிலும் கொழும்பு வெயிலாகத் தெரியவில்லை.

ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் கமராவுக்கே சோதனை. தூரத்தில் ஒரு கோடு ஒரு பிக்ஸலைவிட மெல்லியதாகிவிடும். ஃபிரேமுக்கு ஃபிரேம் அந்தப் பிக்ஸல் ஒருமுறை சிவப்பாகவும் மறுமுறை வெள்ளையாகவும் மாறும். உங்கள் டெக்ஸ்சரின் அளவை முதலில் பாருங்கள். 1024, 2048 போன்று இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால் அன்ரியல் அதற்கு மிப் மேப் (தூரத்துக்கான சிறிய பிரதிகள்) உருவாக்காது, மினுக்கம் நிச்சயம். அளவு சரியாக இருந்தும் மினுங்கினால் மூவி ரெண்டர் கியூவில் டெம்பொரல் சாம்பிளை 16 ஆக்குங்கள். ஒரு ஃபிரேமை 16 தடவை வரைவதால் நேரமும் ஏறத்தாழ அத்தனை மடங்காகும். ஓடும் முச்சக்கரவண்டியின் சில்லுக்கும் இதனால் இயல்பான மங்கல் கிடைக்கும்.

வெயிலுக்கு, சன் பொசிஷன் கல்குலேட்டர் பிளகினை (துணை மென்பொருளை) இயக்கி, சூரியனையும் வானத்தையும் வைக்கும் சன்ஸ்கை அக்டரை வையுங்கள். கொழும்புக்கு அகலாங்கு 6.93, நெட்டாங்கு 79.85, நேர வலயம் 5.5. டேலைட் சேவிங் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் பிசகும். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் கொழும்பில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். ஆட்களின் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும், முகங்கள் கறுக்கும். கதை அனுமதித்தால் மாலை நாலரை மணிக்கு மாற்றுங்கள். அப்போது மெயின் வீதிக் கடைகளின் தகரக் கூரைகள் நீள நிழல் தரும்.

மட்டக்குளி வாசகி: இரவு முழுக்க ரெண்டர் போட்டேன். விடிய முன் கரண்ட் போய், வீடியோ கோப்பு திறக்கவே இல்லை.

நேரடியாக வீடியோவாக எழுதவேண்டாம். பட வரிசையாக எழுதுங்கள். மூன்று நிமிடம் 24 ஃபிரேம் வேகத்தில் 4,320 படங்கள். ஒன்றுக்கு 20 விநாடி என்றால் சரியாக 24 மணித்தியாலம் பிடிக்கும். கரண்ட் போனாலும் அதுவரை எழுதியவை பத்திரமாக இருக்கும். கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிட்டு, அவுட்புட் செட்டிங்கில் 'கஸ்டம் பிளேபேக் ரேஞ்ச்' போட்டு அந்த எண்ணிலிருந்து தொடருங்கள். நிறத்தைப் பிறகு திருத்தப்போகிறீர்களென்றால் நிற விவரங்களைக் கூடுதலாக வைத்திருக்கும் 16 பிட் ஈ.எக்ஸ்.ஆர். கோப்பாக எடுங்கள். 1920×1080 அளவில் சுருக்காமல் எழுதினால் ஒன்று 16 எம்பிக்குச் சற்று மேல் வரும், மொத்தம் 70 ஜிபியைத் தாண்டும். திருத்தமாட்டீர்களென்றால் பி.என்.ஜி. போதும். படங்களில் ஒலி இராது; எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பில் படங்களையும் குரலையும் சேருங்கள்.

கரண்ட் இருந்தும் எஞ்சின் தானாக மூடிக்கொள்கிறதா? கிராபிக்ஸ் அட்டை 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைத்துவிடும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கிராபிக்ஸ் டிரைவர்ஸ் பகுதியில், காத்திருக்கும் நேரங்களான டிடிஆர் டிலே (TdrDelay), டிடிஆர் டிடிஐ டிலே (TdrDdiDelay) இரண்டையும் 60 விநாடி ஆக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

கல்கிசை வாசகர்: படத்தை விழாவுக்கு அனுப்பினால் எஞ்சின் நிறுவனத்துக்குப் பணம் கட்டவேண்டுமா?

அன்ரியலின் 5 சதவீத உரிமைத்தொகை கேம்களுக்கு உரியது, குறும்படத்துக்கு இல்லை. ஆண்டு வருமானம் 10 இலட்சம் டொலரைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே இருக்கைக் கட்டணம் (பயன்படுத்தும் ஆளொருவருக்கு இவ்வளவு என்ற கட்டணம்) உண்டு. கொடோவுக்கு எதுவும் இல்லை. சிக்கல் வருவது இசையில்: பழைய சினிமாப் பாட்டுக்குக் குறும்படத்திலும் அனுமதி வேண்டும். கடையில் விற்கும் ஒரு கேமுக்குள்ளேயே காட்சிகளைப் பதிவு செய்திருந்தால் அந்தக் கேம் நிறுவனத்தின் நிபந்தனைகளையும் படியுங்கள். அதற்கும் எஞ்சினின் உரிமத்துக்கும் தொடர்பில்லை.