நேப்பிள்ஸில் ஒரு பகல்: காப்ரியா, பாம்பேயா?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு மத்தியதரைக் கடல் குரூஸ் போகிறோம். கப்பல் காலை 8 மணிக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. நான், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஆறு பேர். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேராமல் காப்ரி தீவு, பாம்பேய், பீட்சா மூன்றையும் நாங்களே முடித்துவிட முடியுமா? மாமியார் சுத்த சைவம்.

பதில்: முடியாது. முதலில் காப்ரியை விட்டுவிடுங்கள். கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெவெரெல்லோ துறையிலிருந்து விரைவுப் படகு கிளம்பும், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இலையுதிர் காலத்தில் காற்று கிளம்பிக் கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது இந்தப் படகுகள்தான். காலையில் போய் மதியம் திரும்பப் படகு இல்லாமல் தீவில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாம்பேய்க்குப் பதிலாக ஹெர்குலேனியம் போகச் சொல்வோம். கி.பி. 79-இல் பாம்பேயைப் புதைத்த அதே வெசுவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊர்தான். பாம்பேயில் தோண்டி எடுத்த பகுதி மட்டும் 40 ஹெக்டேருக்கு மேல். வெயிலோ மழையோ, ஒதுங்க இடம் குறைவு. ஹெர்குலேனியத்தில் திறந்திருப்பது சுமார் 4.5 ஹெக்டேர். இரண்டரை மணி நேரம் தாராளம். இங்கே மாடி வீடுகள் நிற்கின்றன. கருகிய மர உத்தரங்களும் கதவுகளும் அப்படியே இருக்கின்றன. நெப்டியூன் வீட்டுச் சுவரில் நீலமும் பச்சையுமாகப் பதித்த கண்ணாடிச் சில்லுகளின் நிறம் இன்னும் மங்கவில்லை. கடலோரப் படகுக் கொட்டடிகளில் சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

டிக்கெட் விஷயத்திலும் இதுவே வசதி. பாம்பேயில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், அதனால் முன்பதிவு செய்வதே பாதுகாப்பு. பலத்த காற்றில் கப்பல் துறைமுகத்துக்குள் வராமலே போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான். ஹெர்குலேனியத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். வயதுச் சான்றுக்குப் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 6 மணிக்குக் கப்பல் என்றால் பெரும்பாலும் 5.30-க்குள் ஏறியிருக்க வேண்டும்; சரியான நேரம் கப்பலில் தரும் அன்றைய தாளில் இருக்கும். நீங்கள் 4 மணிக்கே துறைமுக வாசலில் இருங்கள். அப்படியானால் 1 மணிக்கு ஹெர்குலேனியத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். காலையில் 8.45-க்குக் கப்பலை விட்டு இறங்கினால் போதும், அதற்குள் முதல் நெரிசல் ஓய்ந்திருக்கும்.

துறைமுகத்துக்கு எதிரே முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். அங்கிருந்து 1-ஆம் எண் பாதையில் மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. அங்கே இறங்கி ‘சர்க்கம்வெசுவியானா’ என்ற உள்ளூர் ரயிலின் பலகையைப் பின்தொடர்ந்து, சொரென்டோ போகும் ரயிலைப் பிடித்து, ஹெர்குலேனியத்துக்கான நிலையமான ‘எர்கொலானோ ஸ்காவி’யில் இறங்குங்கள், சுமார் 20 நிமிடம். ‘போர்ட்டிச்சி எர்கொலானோ’ என்பது வேறு ரயில் கம்பெனியின் நிலையம், குழம்ப வேண்டாம். ரயிலில் கூட்டம் நெரியும், ஜேப்படியும் உண்டு; பர்ஸும் போனும் பையின் உள்ளறையில், பை நெஞ்சுப் பக்கம். நிலையத்திலிருந்து கடலை நோக்கி நேர் இறக்கம், பத்து நிமிட நடை. திரும்பும்போது அதே தெரு ஏற்றம் என்பதால் மாமியாருக்கு அங்கே டாக்ஸி வையுங்கள். போகவர முழுக்க டாக்ஸி என்றால் ஏறும் முன்பே மொத்தக் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். சாதாரண காரில் நாலு பேர்தான், ஆறு பேருக்கு வேன் கேளுங்கள். ‘ஷோப்பெரோ’ என்று அறிவிப்பு இருந்தால் வேலைநிறுத்தம்; அன்றைக்கு ரயிலை நம்பவே வேண்டாம்.

தள்ளுவண்டி எடுத்துப் போகாதீர்கள். பழைய கல் பாவிய தெருவில் சக்கரம் இடுக்கில் சிக்கும். மகளைத் தோளில் கட்டிக்கொள்ளும் பட்டை போதும். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், நனைந்த கல் வழுக்கும். எல்லோருக்கும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ, குடைக்குப் பதில் மழைக்கோட்டு. மாமியாரால் இறங்க முடியாவிட்டால், வாசலிலிருந்து நீளும் சரிவுப் பாதையில் நின்றே முழு ஊரையும் மேலிருந்து பார்க்கலாம்.

இரண்டு மணிக்கு நேப்பிள்ஸில் பீட்சா. மாமியாருக்கு ‘மரினாரா’ வாங்குங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ் கிடையாது. மார்கரீட்டா மேல் தூவும் கெட்டிச் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதுண்டு. பார்க்கச் சைவமாகத் தெரியும் தராலி முறுக்கிலும் ஸ்ஃபோல்யதெல்லா இனிப்பிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது ஊர் வழக்கம். ‘ஸ்ட்ரூட்டோ’, ‘சூன்யா’ இரண்டும் அந்தக் கொழுப்பின் பெயர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மழை பெய்தால் மிச்ச நேரத்தை உம்பெர்த்தோ காலரி என்ற கடை வளாகத்தின் கண்ணாடிக் கூரைக்கடியில் கழிக்கலாம், துறைமுகம் அங்கிருந்து நடை தூரம்தான்.

அன்றைய தாளில் துறைமுக ஏஜென்ட்டின் போன் எண் இருக்கும். கப்பலைத் தவறவிட்டால் கூப்பிட, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மாத்திரை இரண்டு நாளைக்குக் கையிலேயே இருக்கட்டும்.