பேரு வச்ச ரயில்ல ஏறாதீங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் திருச்சி. ஐடி கம்பெனில டெஸ்டிங் வேலை, வயசு 32. ரொம்ப நாளா காசு சேத்து வச்சு வர்ற செப்டம்பர்ல சுவிட்சர்லாந்து போறேன், தனியா, ஒரு பேக்பேக் மட்டும். வீட்ல அம்மாவுக்கு சுத்தமா பிடிக்கல, "கூட ஆள் இல்லாம அங்க போய் என்ன பாக்கப் போற, டூர் கம்பெனில போனா சாப்பாடாவது தருவான்"னு தினம் ஒரு பாட்டு. ப்ரண்ட்ஸ் ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லி கடைசில கழண்டுகிட்டாங்க.

எட்டு நாளுக்கு எக்ஸெல்ல ப்ளான் போட்டு வச்சிருக்கேன். சூரிக், ரைன் அருவி, லூசர்ன், டிட்லிஸ், இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ்யோக், செர்மாட், க்ளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ், ஜெனீவா. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரூபாய்ல மயக்கம் வருது. எதை வெட்டணும்னு தெரியல. ரயில் மாறும்போது ஒண்ணு விட்டுட்டா என்ன பண்றது, பாஷை தெரியாது, நான் சுத்த சைவம் வேற. அங்க நம்ம தமிழ் ஆளுங்க நிறைய இருக்காங்களாமே, அதுவும் சொல்லுங்க. தனியா இருந்தா போர் அடிக்குமான்னும் ஒரு பயம் இருக்கு, அதை வெளில யார்கிட்டயும் சொல்லல.

கவிதா

*

அன்புள்ள கவிதா,

உங்க எக்ஸெல்ல இருக்கறது டூர் கம்பெனிக்காரன் போடற அதே ப்ளான், பஸ்ஸும் கைடும் மட்டும்தான் மிஸ்ஸிங். எட்டு நாள்ல பத்து எடம்னா தினம் காலைல மூட்டைய கட்டி சாயங்காலம் மூட்டைய அவுக்கறதுதான் வேலையா இருக்கும். தனியா போறதோட ஒரே பெரிய லாபம் நினைச்ச எடத்துல எறங்கிக்கலாம்ங்கறது, அதை நீங்களே அடைச்சு வச்சுட்டா அப்புறம் தனியா எதுக்கு போகணும், அம்மா சொல்ற மாதிரி சாப்பாட்டோட போய்டலாமே.

எதை வெட்டணும்னு கேட்டீங்க. பேரு வச்ச ரயில் எல்லாத்தையும் வெட்டுங்க. க்ளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரெண்டுக்கும் ட்ராவல் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷன்னு தனியா காசு கட்டணும், கண்ணாடி திறக்காது, நடுவுல எறங்கி சுத்திட்டு அடுத்ததுல போற கதையெல்லாம் கிடையாது. ஆனா அதே பெர்னினா தண்டவாளத்துலதான் சாதாரண லோக்கல் ரயிலும் ஓடுது, மணிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. 2253 மீட்டர்ல இருக்கற ஒஸ்பிட்சியோ பெர்னினா வரை ஏறி, அங்கருந்து இத்தாலி பக்கம் டிரானோவுக்கு 429 மீட்டருக்கு எறங்கும், பல்சக்கரம் எதுவும் இல்லாம வெறும் சக்கரத்துலயே, யுனெஸ்கோ 2008ல பாரம்பரிய லிஸ்ட்ல சேத்த பாதை. லோக்கல்ல நிறைய பெட்டில ஜன்னல எறக்கலாம், ப்ரூசியோவுல ரயில் வட்டமா சுத்தி எறங்கும்போது தலைய திருப்பிப் பாத்தா நம்ம ரயிலோட வாலே தெரியும். ரிசர்வேஷன் கிடையாது, பாஸ் போதும். டிரானோ இத்தாலிதான், ஆனா அதுவும் ஒரே விசால சுத்தற ஷெங்கன் நாடுகள்ல ஒண்ணுங்கறதால தனி விசா தேவையில்ல, பாஸ்போர்ட் மட்டும் கைல இருக்கட்டும்.

அந்த நாட்ல பாக்க வேண்டியதே அந்த சாதாரண போக்குவரத்துதான்னு நான் நினைக்கறேன், சிகரம் எல்லாம் அதுக்கு அப்புறம். ரயில் விட்டுட்டா என்ன பண்றதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கான பதிலும் இதுலயே இருக்கு. 1982ல இருந்து அங்க நாடு முழுக்க ஒரே தாளத்துல ஓடற டைம்டேபிள், ஒரு லைன்ல 10:02க்கு ரயில்னா 11:02க்கும் இருக்கும், 12:02க்கும் இருக்கும். 1987ல இதை இன்னும் இறுக்கமாக்க மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி, 2004 கடைசில அமலுக்கு கொண்டு வந்தாங்க. சூரிக், பெர்ன், பாசல் மாதிரி பெரிய ஸ்டேஷன்ல எல்லா ரயிலும் மணி அடிக்க கொஞ்சம் முன்னாடி வந்து சேரும், எல்லாரும் மாறிக்குவாங்க, மணி அடிச்சு கொஞ்ச நேரத்துல எல்லாம் கிளம்பிடும். இதுக்காகவே சூரிக் – பெர்ன் ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள்ள அடக்கணும்னு புதுசா லைன் போட்டாங்க, ரயில் வேகமா போகணும்ங்கறதுக்காக மட்டும் போடல, சரியான நேரத்துக்கு போய் சேரணும்னு போட்டது. அதனால ஏழு நிமிஷத்துல மாறணும்னு ஆப் காட்டினா பயப்படாதீங்க, பல நேரம் எதிர் ப்ளாட்ஃபார்ம்லயே நிக்கும். விட்டுட்டீங்களா, அரை மணி நேரத்துல இல்லன்னா ஒரு மணி நேரத்துல அடுத்தது, அதே டிக்கெட், அதே பாஸ், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. தனியா போற ஒரு பொண்ணுக்கு இதைவிட பெரிய பாதுகாப்பு எனக்கு தெரிஞ்சு வேற இல்ல. மலை மேல போற விஞ்ச், ரோப்கார் மட்டும் வேற விஷயம், அதுல கடைசி எறக்கம் எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே பாத்துக்கணும், சிலது சாயங்காலமே நின்னுடும்.

ஆப் பேரு எஸ்பிபி. (நம்ம பாடும் நிலா ஞாபகம் வரும், இது அவங்க ரயில்வே.) ரயில், பஸ், படகு எல்லாம் அதுலயே வரும். ஸ்டேஷன்ல டிக்கெட் கேட் எதுவும் கிடையாது, நேரா ஏறிடலாம், ஆனா உள்ள செக்கிங் உண்டு, டிக்கெட் இல்லன்னா நூறு ஃபிராங்க் கிட்ட பழுத்துடும்.

பாஸ் விஷயம். ஸ்விஸ் ட்ராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்னு இருக்கு. ரயில், மஞ்ச கலர் போஸ்ட் பஸ், ஊருக்குள்ள ட்ராம், ஏரிப் படகு, 500க்கு மேல மியூசியம் எல்லாம் அடங்கும், ரிகி மலை ரயிலும் அடங்கும். யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் க்ரிண்டல்வால்ட் அல்லது வெங்கன்ல இருந்து மேல 25 சதவீதம்தான் தள்ளுபடி. இன்டர்லாக்கன்ல இருந்து போய்ட்டு வர முழு டிக்கெட் 200 ஃபிராங்குக்கு மேல, மேல போனப்புறம் மேகம் மூடிக்கிச்சுன்னா வெள்ளச் செவுரத்தான் பாக்கணும். 1896ல ஆரம்பிச்சு 1912ல முடிச்ச ரயில், ஐகர் மலை உள்ளயே குடைஞ்சு 3454 மீட்டருக்கு ஏத்தறாங்க, அது பெரிய காரியம்தான், இல்லன்னு சொல்லல. முன்கூட்டியே வாங்காதீங்க, அன்னிக்கு காலைல வெப்கேம்ல சிகரம் தெரியுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தெரியலன்னா லாட்டர்ப்ருன்னன்ல எறங்கிடுங்க, 297 மீட்டர் உயரத்துல இருந்து ஷ்டாவ்பாக் அருவி ஊருக்குள்ளயே விழுது, பாக்க காசு கிடையாது. டிட்லிஸ் வேண்டாம், செர்மாட்டும் இந்த தடவ வேண்டாம்.

இப்ப படகுக்கு வர்றேன், உங்க லிஸ்ட்ல ஒரு படகு கூட இல்ல, அதைப் பாத்துதான் எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு. லூசர்ன் ஏரில இன்னமும் அஞ்சு துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் ஓடுது. ஊரி 1901, உன்டர்வால்டன் 1902, ஷில்லர் 1906, காலியா 1913, ஷ்டாட் லூசர்ன் 1928. பாஸ் இருந்தா சும்மா ஏறலாம். மேல் டெக் முதல் வகுப்பு, நமக்கு கீழ் டெக், ஆனா கீழ்தான் விசேஷமே, கப்பல் நடுவுல இஞ்சின தொறந்தே வச்சிருக்காங்க, கம்பிய பிடிச்சுகிட்டு குனிஞ்சு பாத்தா ஆள் உசர இரும்புக் கை ரெண்டு மூணு மாறி மாறி போய்ட்டு வருது, சூடான எண்ணெய் வாசனை, பித்தளை எல்லாம் நம்ம வீட்டு குத்துவிளக்கு மாதிரி தேய்ச்சு வச்சிருக்கான். சத்தமே வராது, அதான் ஆச்சரியம். உன்டர்வால்டன்ல இன்னொரு கூத்து, ஒரு தாழ்வான பாலத்துக்கு அடில போகணும்ங்கறதுக்காக அதோட புகைபோக்கிய கீழ எறக்கிக்குவாங்க. எந்த ஓட்டத்துக்கு எந்தக் கப்பல்னு டைம்டேபிள்ல நீராவிக்கு ஒரு குறி போட்டிருக்கும், அதைப் பாத்து ஏறுங்க.

ஒரு நாள் முழுசா இதுக்கு கொடுங்க. காலைல லூசர்ன் ஸ்டேஷன் வாசல்லயே படகுத்துறை, ஃப்ளூலன் போற கப்பல்ல ஏறினா மூணு மணி நேரம் கிட்ட. வெக்கிஸ், விட்ஸ்நாவ்னு ஒவ்வொரு துறையா ஒட்டி ஒட்டிப் போகும், பள்ளிக்கூடப் பசங்க, நாயோட வர்ற தாத்தா, சைக்கிள்காரங்க ஏறி எறங்குவாங்க. ப்ரூன்னன் தாண்டினதும் ஏரி தெக்கால திரும்பும், ரெண்டு பக்கமும் மலை நேரா தண்ணிக்குள்ள எறங்குது, ரூட்லி புல்வெளி, 1291ல மூணு பகுதிக்காரங்க கூடி சத்தியம் பண்ணினதா அவங்க நம்பற எடம், அப்புறம் அவங்க பழங்கதைல வர்ற வீரன் வில்லியம் டெல்லுக்கு கட்டின சின்னக் கோயில். மஞ்ச போஸ்ட் பஸ் மலைவளைவுல அடிக்கற ஹார்னும் ரோசினிங்கற இத்தாலிய இசையமைப்பாளர் இந்த டெல் கதைக்குப் போட்ட இசைல இருந்து எடுத்த மூணு ஸ்வரம்தான்.

ஃப்ளூலன்ல எறங்கினா எதிர்லயே ரயில் ஸ்டேஷன். படகையும் ரயிலையும் சேத்து ஒரு பேரு வச்ச பாக்கேஜா விக்கறாங்க, ரயில்ல முதல் வகுப்பு மட்டும்தான். நீங்க அதை விட்டுட்டு சாதாரண ரயில், ட்ரேனோ கோட்டார்டோன்னு செம்பு கலர்ல வரும், அதுல ஏறுங்க. பேரு இருக்கேன்னு கேக்காதீங்க, ரிசர்வேஷன் கிடையாது, அதனால மன்னிச்சு விட்டுட்டேன். அது பழைய மலைப்பாதை வழியா போகுது. வாசன்னு ஒரு கிராமம், அதோட சர்ச் முதல்ல மேல தெரியும், ரயில் மலைக்குள்ள பூந்து சுருண்டு வெளில வந்தா நேரா தெரியும், இன்னொரு தடவ பூந்து வந்தா கீழ தெரியும். அப்புறம் கோஷனன்ல பெரிய சுரங்கம், 15 கிலோமீட்டர், 1872ல தொடங்கி 1882ல ரயில் விட்டாங்க. வெட்டினவங்க பெரும்பாலும் இத்தாலிக்காரக் கூலிங்க, கணக்குல வந்த சாவே 200 கிட்ட. 1875ல கோஷனன்ல வேலைநிறுத்தம் பண்ணினவங்க மேல துப்பாக்கிச் சூடு நடத்தி நாலு பேர் செத்தாங்க. காண்ட்ராக்ட் எடுத்த லூயி ஃபாவ்ரும் 1879ல அதே சுரங்கத்துக்குள்ளயே செத்துப்போனார், முடிஞ்சதை அவர் பாக்கல. தெக்கு வாசல் ஐரோலோ, அங்க ஸ்டேஷன் பக்கத்துல செத்த தொழிலாளிங்களுக்காக வின்சென்சோ வேலா செஞ்ச வெண்கலச் சிற்பம் இருக்கு, ஒருத்தனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வர்ற மாதிரி. பேரு வச்ச ரயில்ல போறவங்க எறங்க மாட்டாங்க, நீங்க எறங்குங்க, அடுத்த ரயில்தான் வருமே.

ஐரோலோல இருந்து எல்லாம் இத்தாலிய மொழி, போர்டு மாறிடும், காபி நல்லாயிடும். பெலின்சோனா வரை போய் கோட்டைய பாத்துட்டு, திரும்பும்போது கீழ 2016ல திறந்த 57 கிலோமீட்டர் புது சுரங்கம் வழியா ஒன்றரை மணி நேரம் கிட்டத்துல லூசர்ன் வந்துடலாம். போகும்போது பாதி நாள் ஆன மலைய வரும்போது இருபது நிமிஷ இருட்டுல தாண்டிடுவீங்க.

லூசர்ன்ல இருந்து இன்டர்லாக்கன் போற ரயில்ல கிளம்பும்போது வலது பக்கம் உக்காருங்க. சார்னன், லுங்கர்ன் ரெண்டு ஏரியும் அந்தப் பக்கம். மைரிங்கன்ல ரயில் திசை மாறி பின்னாடி கிளம்பும், சீட்ட மாத்தாம அப்படியே இருந்தீங்கன்னா ப்ரியன்ஸ் ஏரியும் உங்க ஜன்னலுக்கே வரும். இல்ல, ப்ரியன்ஸ்ல எறங்கி மிச்சத்தை படகுல போங்க, நான் அதைத்தான் செய்வேன்.

தங்கறதுக்கு மூணே ஊர் போதும், லூசர்ன், இன்டர்லாக்கன் பக்கம், அப்புறம் பெர்னினா ரயிலுக்காக கூர். ஹாஸ்டல்ல பெண்களுக்கு மட்டும்னு டார்ம் இருக்கான்னு கேட்டு போடுங்க, கிச்சன் இருக்கறதா பாருங்க, காசு அங்கதான் மிச்சமாகும். மிக்ரோஸ், கோ-ஆப் ரெண்டும் சூப்பர்மார்க்கெட், ரொட்டி, தயிர், சீஸ், பழம், வேகவச்ச பருப்பு டின் எல்லாம் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை கடை மூடிடும், பெரிய ஸ்டேஷன்ல உள்ளது மட்டும் திறந்திருக்கும். ஹோட்டல்ல ரோஸ்டி, ஆல்ப்ளர்மக்ரோனன்னு உருளைக்கிழங்கு, மக்ரோனி, சீஸ் சமாச்சாரம் நல்லா இருக்கும், ஆனா பன்னிக்கறி துண்டு போடுவாங்க, கேட்டுட்டு சொல்லுங்க. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டு போங்க, நெய் வேண்டாம், நம்ம நாட்ல இருந்து பால் பொருள் கொண்டு போக தடை. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, தெருவுல இருக்கற குழாய்த்தொட்டில பிடிச்சுக்கலாம், குடிக்கக் கூடாதுன்னா எழுதி வச்சிருப்பான்.

தமிழ் ஆளுங்க இருக்காங்க, 50,000 பேர் அளவுல, பெரும்பாலும் 1983க்கு அப்புறம் இலங்கைல இருந்து அகதியா வந்தவங்களும் அவங்க பிள்ளைங்களும். முதல் தலைமுறை ஹோட்டல் கிச்சன்லயும் ஆஸ்பத்திரிலயும் முதுகு ஒடிய வேலை பாத்தவங்க. பெர்ன்ல ஐரோப்பாப்ளாட்ஸ் ஸ்டேஷன் பக்கம் 2014 கடைசில திறந்த பல மதங்களோட வீடுன்னு ஒரு கட்டடம், அதுக்குள்ள மசூதி, சர்ச், புத்த விகாரையோட சிவன் கோயிலும் இருக்கு, தமிழ்ல பூஜை நடக்குது. போங்க, ஆனா தமிழ் பேசறாங்களேன்னு போன உடனே "எப்ப வந்தீங்க, எப்படி வந்தீங்க"ன்னு நோண்டாதீங்க, பல பேருக்கு அது சுற்றுலாக் கதை இல்ல.

போர் அடிக்குமான்னா, பகல்ல அடிக்காது. சாயங்காலம் ஆறரை ஏழுக்கு கடையெல்லாம் மூடினதும் ஊரே உள்ள போய்டும், அப்ப கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். யாரும் வந்து பேச மாட்டாங்க, நீங்க பேசினா மரியாதையா பதில் சொல்வாங்க, அவ்ளோதான். அந்த நேரத்துக்கு சும்மா ஒரு படகோ ரயிலோ ஏறி அடுத்த ஊர் போய்ட்டு வாங்க, பாஸ்தான் இருக்கே, செப்டம்பர்ல ஏழு மணிக்கு மேல வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதுக்கும் மேல தோணுச்சுன்னா அம்மாவுக்கு போன் போடுங்க, ஆனா அங்க ஏழுன்னா நமக்கு பத்தரை, தூங்கியிருப்பாங்க, அதனால மத்தியானமே போட்டுடுங்க. பயம்னு பாத்தா சூரிக், ஜெனீவா ஸ்டேஷன்லயும் ஏர்போர்ட் ரயில்லயும் பேக்க கண்ணுல வச்சுக்கோங்க, பிக்பாக்கெட் உண்டு, மத்தபடி ராத்திரி ரயில்ல தனியா வர்ற பொண்ணுங்கள அங்க யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல.

விசா கைக்கு வந்ததும் தேதிய எழுதுங்க, அந்த வாரம் ஃப்ளூலனுக்கு எந்தக் கப்பல் நீராவின்னு பாத்து சொல்றேன்.