வினாகிரியும் இரும்பும் போட்டு தோலுக்கு கறுப்பு: கேள்வி பதில்

வெள்ளவத்தையில வீட்டு பல்கனியில இருந்து பெல்ட், பர்ஸ் தைக்கிறன். கறுப்புச் சாயம் காசு குடுத்து வாங்கி கன வருசமாச்சு, எப்பிடி எண்டு கேட்ட ஆக்களுக்கு இதில பதில்.

கேள்வி: அண்ணை, முதல்ல இருந்து சொல்லுங்கோ.

பதில்: புறக்கோட்டை ஹாட்வெயார் கடையில ஆகச் சன்னமான ஸ்டீல் வூல் வாங்குங்கோ. அதில எண்ணெய் பூசியிருக்கும், சட்டி கழுவுற லிக்விட் போட்டு கழுவி ஈரத்தோட விட்டா அடுத்த நாள் துரு பிடிச்சிடும், அது நல்லது. பிச்சு ஜாம் போத்தல்ல போட்டு வெள்ளை வினாகிரி ஊத்துங்கோ, தென்னை வினாகிரியும் சரிவரும் ஆனா அந்தக் காசு வீண். மூடிய இறுக்கவே வேண்டாம், ஹைட்ரஜன் வாயு வரும், போத்தல் வெடிக்கும், அடுப்புக்கு கிட்டவும் வைக்காதேங்கோ. ஒரு கிழமை, ரெண்டு கிழமை எடுக்கும். கடைசியில கரையாத இரும்பு கொஞ்சம் மிஞ்சோணும், அப்பத்தான் புளிப்பு செலவாகிட்டுது எண்டு அர்த்தம். இதுதான் தோலில பூசுற இரும்புத் தண்ணி.

கேள்வி: பாத்திரம் தேய்க்கிற சில்வர் கம்பி போட்டன், 10 நாளா ஒண்டும் நடக்கேல்ல.

பதில்: அது ஸ்டெயின்லெஸ், கரையாது. நாகம் பூசின ஆணியும் வேண்டாம்.

கேள்வி: என்ட தோல் சாம்பல் நிறத்திலயே நிண்டுட்டுது, கறுக்கேல்ல. ஏன்?

பதில்: தங்கச்சி, இது சாயமே இல்ல. மரப்பட்டையில பதனிட்ட தோலுக்குள்ள டானின் எண்ட துவர்ப்புச் சத்து இருக்கு, இரும்பு அதோட சேர்ந்துதான் கறுப்பு உண்டாகுது, பழைய காலத்து மையும் இதே கதைதான். குரோம் தோல், அதாவது குரோமியம் உப்பில பதனிட்டது எண்டா எவ்வளவு பூசினாலும் சரிவராது, வெட்டின விளிம்பு நீலச் சாம்பலா இருக்கோ எண்டு பாருங்கோ. அப்பிடி இல்லாட்டி டானின் காணாது. தேயிலைத்தூள கையால அள்ளிப்போட்டு நாக்கு இழுக்கிற மாதிரி பிளேன்டீ ஊத்தி, சீனி போடாம, ஆறவிட்டு ரெண்டு தரம் பூசுங்கோ. இல்லாட்டி கபோஸ் லேன்ல கடுக்காய் வாங்கி இடிச்சு அவிச்ச தண்ணி, அது இன்னும் திறம். பிறகு ஒரு துளி இரும்புத் தண்ணி விட்டுப் பாருங்கோ, விழேக்க வெறும் மங்கல் தண்ணி, உங்கட கண்ணுக்கு முன்னால சாம்பலாகி ஊதாவாகி ஒரு நிமிசத்தில கரிக்கறுப்பாகும். எத்தினை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கேல்ல.

கேள்வி: அப்பச் சோடா கட்டாயமோ?

பதில்: கட்டாயம். கறுத்த தோலில நிக்கிற வினாகிரிப் புளிப்ப சோடாத் தண்ணிதான் முறிக்கும். அம்மாப்பாவுக்கு செஞ்ச முதல் பெல்ட்டுக்கு நான் அத விட்டுட்டன், ஒரு வருசத்துக்குள்ள பக்கிள் பக்கத்தில வெடிச்சிட்டுது, இப்பவும் மனசு கேக்குதில்ல. ஒரு லீட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி, கூடப் போட்டா அதுவும் தோலுக்கு கூடாது. தோச்சு எடுத்து நல்ல தண்ணியில அலசி, ஈரம் கொஞ்சம் இருக்கேக்கயே எண்ணெய் பூசுங்கோ, அப்பத்தான் கறுப்பு ஆழமா தெரியும்.

கேள்வி: மிச்சத்த எப்பிடி வைக்கிறது? என்டது செம்மண் கலருக்கு மாறிட்டுது.

பதில்: காத்துப் பட்டிருக்கு. துணியில வடிச்சு, வாயு வாறது முழுக்க நிண்டாப் பிறகு கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்கோ. உள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு கிடந்தா கனநாள் இருக்கும், ஆனா வாயு வரலாம், இடைக்கிடை மூடிய தளர்த்திவிடுங்கோ. குளிர்பான போத்தல்ல மட்டும் ஊத்தி வைக்காதேங்கோ, வீட்டில சின்னப்பிள்ளையள் குடிச்சிடுங்கள்.