எல்லைக் கிணறுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: தமிழ்நாட்டுக்காரர்கள் ஆயிரம் அடி போர் போட்டு எங்கள் தண்ணீரை இழுத்துவிடுகிறார்கள். என் கிணறு வறண்டுவிட்டது. என்ன செய்வது? (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

ப: இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இதேதான். பொள்ளாச்சிப் பக்கத்துக் கடிதங்களில் "கேரளாக்காரர்கள்" என்று இருக்கும். உங்கள் கிணற்றில் இப்போது மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது? போன வருடம் இதே மாதம் எவ்வளவு? ஓர் எண்கூட எழுதவில்லை. அளக்காமல் பழி சொல்லாதீர்கள்.

நிலம் கிழக்கிலிருந்து மேற்கே சரிகிறது. பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 290 மீட்டர், பாலக்காடு 85. நிலத்தடி நீரும் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் நகரும். ஆகவே கிழக்கே அதிகம் இறைத்தால் மேற்கே வரத்துக் குறையும் என்பது உண்மை. ஆனால் நம்முடையது கெட்டிப் பாறை. வெடிப்பு தொடர்ந்து ஓடினால் ஒழிய, ஒரு போரின் இழுவை சில நூறு மீட்டர்தான். உங்கள் கிணற்றை வற்ற வைத்தது பக்கத்துத் தோப்பின் போராக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் போராகவும் இருக்கலாம்.

அரசுகள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நிலத்தடி நீரைத் தமிழ்நாடு பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) வாரியாகக் கணக்கிடுகிறது, கேரளம் பிளாக் (ஊராட்சி ஒன்றியம்) வாரியாக. இரண்டு வரைபடமும் செக்போஸ்டில் முடிந்துவிடும். பாறை ஒன்று, தென்னை ஒன்று, ஓடைகூட ஒன்று. கேரளத்தில் 2002-இன் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2003-இல் கொண்டுவந்த சட்டத்தை 2013-இல் நீக்கிவிட்டது. பாலக்காட்டின் சித்தூர் பிளாக் வரம்பு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று ஒருகாலத்தில் பட்டியலிடப்பட்டபோதும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே தாளில் கணக்குப் போடவில்லை.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிணறு எடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் ஒரே நாள் காலை, மோட்டார் போடுவதற்கு முன் டேப் விட்டு அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் நிற்கும் ஆழத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. அந்த இடத்தின் கடல் மட்ட உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். அறுபது அடிக் கிணறும் இருநூறு அடிக் கிணறும் ஒரே நீர்மட்டத்தில் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் பஞ்சாயத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு வரும்.

கே: மணக்கடவில் கேரளாவுக்கு 7.25 டி.எம்.சி. தருகிறோமே, அதில் நிலத்தடி நீரும் சேர்த்திதானே? (ஆனைமலை)

ப: இல்லை. அந்த அளவைச் சொல்வது 1970-இல் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம்; அது ஆற்று நீரைப் பற்றியது.

கே: எல்லையோர ஊர்கள் நிலத்தடி நீரைச் சேர்ந்து நிர்வகித்த இடம் உலகத்தில் உண்டா? (பொள்ளாச்சி)

ப: உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கும் எதிர்ப்பக்கத்துப் பிரான்ஸ் ஊர்களுக்கும் அடியில் ஒரே நீர்ப்படுகை. இறைத்து இறைத்து மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கிய பிறகு, 1978-இல் டில்லி மாதிரித் தலைநகரங்களுக்குப் போகாமல் உள்ளூர் நிர்வாகங்களே ஒப்பந்தம் போட்டன. ஆர்வ் ஆற்று நீரைச் சுத்திகரித்து 1980 முதல் நிலத்துக்குள் இறக்குகிறார்கள். இறைப்பதற்கு மீட்டர் உண்டு. நிலத்துக்குள் நீர் இறக்கும் செலவில் இரு பக்கமும் பங்கு. 2007-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. அங்கே கூழாங்கல்லும் மணலும், நிறையக் கொள்ளும். நம் பாறையில் ஓர் ஏக்கரில் மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் சேர்வது எண்பதாயிரம் லிட்டர் அளவுதான். அதனால் ஒரு பெரிய திட்டத்தைவிட, ஓடை நெடுகக் கசிவுநீர்க் குட்டைகளும், தூர்வாரிய பழைய குளங்களும்தான் நமக்குச் சரி. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மீட்டரும் செலவுப் பங்கும்.

கே: கூரைத் தண்ணீரைச் சேமித்தால் எவ்வளவு கிடைக்கும்? (வேலந்தாவளம்)

ப: கூரை எத்தனை சதுர அடி? அதை எழுதாமல் எப்படிச் சொல்வது? ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொண்டால், நம் கிழக்குப் பக்க மழைக்கு வருடம் 65 முதல் 70 ஆயிரம் லிட்டர்.

கே: வற்றிப்போன போருக்குள் தெருச் சாக்கடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் மட்டம் ஏறுமா? (கோபாலபுரம்)

ப: செய்யாதீர்கள். அக்கம்பக்கத்துக் குடிநீரெல்லாம் கெட்டுவிடும். பாறை வெடிப்புக்குள் போன அழுக்கை யாராலும் கழுவி எடுக்க முடியாது. கூரைத் தண்ணீரைக்கூட ஜல்லி, மணல் வடிகட்டி இல்லாமல், முதல் மழையை வெளியே விடாமல் போருக்குள் இறக்கக் கூடாது. இதைப் போன முறையும் எழுதினேன்.

கே: தேங்காய் வைத்துப் பார்த்தவர் எண்ணூறு அடியில் நீரோட்டம் என்கிறார். போர் போடலாமா? (வடகரப்பதி)

ப: வேண்டாம். பக்கத்துப் போர்கள் எத்தனை அடியில் தண்ணீர் கண்டன, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று முதலில் விசாரியுங்கள். மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் வெடிப்பைத் தேடும் சோதனை) செய்துவிட்டு, பஞ்சாயத்தில் அனுமதி விவரம் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதுங்கள்; கிணற்றின் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள்.